பின்வளவில் ஒரு சாரை

1

இதை எழுத உட்காரும்போது காலை எட்டேகால். பத்து மணிக்கு இரண்டு பேர் அலவாங்கோடு வருவார்கள். அலவாங்கு என்றால் நம் ஊர்க் கடப்பாரை. வீட்டுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி அடுக்கியிருக்கும் பழைய ஓட்டுக் குவியலைப் பிரித்து, அதற்குள் எட்டு வருடமாகக் குடியிருக்கும் ஒரு பாம்பை அடித்துக் கொல்வார்கள். அந்தப் பாம்பு இதுவரை யாரையும் கடித்ததில்லை. கடித்தாலும் அதற்கு விஷம் கிடையாது. அது சாகப்போவதற்கு ஒரே காரணம் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

நான் சாத்தூர்க்காரி. கொழும்பில் வெள்ளவத்தைக்குக் குடிவந்து இந்த வாரத்தோடு பதினொரு வருடம் முடிகிறது. கணவருக்குக் கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். நான் வீட்டிலிருந்தபடி சென்னைப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். பிழையைக் கண்டால் சும்மா விடமாட்டேன் என்பது என் தொழில். தொழில் மட்டுமில்லை, என் குணமும் அதுதான். மளிகைக்கடைப் பலகையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை ஒன்றையும் விட்டதில்லை.

மகள் வெண்பாவுக்குப் பதிமூன்று வயது. இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. இன்று காலை பள்ளி வேனில் ஏறும்போது மட்டும் திரும்பிப் பார்க்காமல் ஒன்று சொன்னாள்.

"நான் வரேக்க அது இருக்கோணும்."

இரண்டு மணிக்கு அவள் வந்துவிடுவாள்.

2

வெள்ளவத்தை என்றதும் உங்களுக்குக் கடற்கரையும் காலி வீதிச் சேலைக்கடைகளும் நினைவுக்கு வரலாம். நாங்கள் இருப்பது கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், அதாவது ஒரு சந்தில். பழைய இரண்டு மாடி வீடு. மேல்மாடியில் வீட்டுக்காரர் சிவமலர் ஆன்ட்டி தனியாக இருக்கிறார். கீழே நாங்கள். இப்படி ஒரு வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டால் இங்கே அதற்கு அனெக்ஸ் என்று பெயர். பின்பக்கத்துக்குப் பின்வளவு என்று பெயர். இந்தச் சொல் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது.

மற்றச் சொற்களோடு அவ்வளவு சீக்கிரம் சமாதானமாகவில்லை. மகள் மழலையர் பள்ளிக்குப் போன முதல் மாதமே 'ஆமாம்' போய் 'ஓம்' வந்தது. "ஆமாம் சொல்லு" என்பேன். "ஓம்" என்பாள். வெண்பா என்று பெயர் வைத்த பிள்ளை "அம்மா, கதைக்காதேங்கோ, நான் ஹோம்வேர்க் செய்றன்" என்று சொன்ன அன்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திருத்தினேன். அன்றிலிருந்து திருத்திக்கொண்டே இருக்கிறேன். அவளோ கடைக்காரரோடு சிங்களத்தில், தோழிகளோடு ஆங்கிலத்தில், மேல்மாடி ஆன்ட்டியோடு சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் என்று தண்ணீர் மாதிரி ஓடுகிறாள். என்னோடு பேசும்போது மட்டும் கொஞ்சம் யோசித்துப் பேசுகிறாள். அது எனக்கு வலிக்கும். என் சிங்களம் மரக்கறிக் கடையோடு, அதாவது காய்கறிக் கடையோடு, நின்றுவிட்டது.

சிவமலர் ஆன்ட்டி கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளியில் கணக்கு படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன். ஐரோப்பாவுக்குப் போய், அங்கே இருக்க அனுமதி கிடைக்காமல் வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஓட்டுக் குவியலுக்குள் நீளமாக ஒரு பாம்பு போவதை ஆன்ட்டி பார்த்தார். அன்று பின்னேரம் மகன் போன் எடுத்தார்: அனுமதி கிடைத்துவிட்டது. அதோடு முடிவாகிவிட்டது. வந்தது நாகதம்பிரான், இங்கத்து நாக தெய்வம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கிணற்றுக் கட்டில் ஒரு வெண்கலக் கிண்ணத்தில் பால். பக்கத்தில் குங்குமம், இரண்டு செவ்வரத்தம்பூ, நம் ஊர்ச் செம்பருத்தி. அந்தக் குவியலில் ஓர் ஓட்டைக்கூட எவரும் நகர்த்தக் கூடாது. கூரை ஒழுகியபோதுகூட ஆன்ட்டி கடையில் புது ஓடுதான் வாங்கினார்.

அனுமதி கிடைத்த மகன் இந்த எட்டு வருடத்தில் ஒருமுறைகூட வரவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த வருடம் என்கிறார். ஆன்ட்டி அதைப் பற்றிப் பேசுவதில்லை. பால் மட்டும் தவறுவதில்லை.

அந்தப் பாலைக் குடிப்பது பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்.

3

எங்கள் அப்பா ரயில்வேயில் இருந்தார். குவார்ட்டர்ஸில் பாம்பு வந்தால் ஒரு கேள்விதான்: கம்பு எங்கே? அடித்து முடித்ததும் வேலிக் கம்பியில் தொங்கவிடுவார். நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டுவோம். ஒரு தடவை குளியலறையில் ஒன்று. பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். "கட்டுவிரியன்" என்றார் அப்பா. தெருவே வந்து பார்த்தது. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டார் என்று அப்பாவைக் கொண்டாடினார்கள். அன்று இரவு எங்கள் வீட்டில் கேசரி.

அந்தப் பாம்பை நான் மறந்தே போயிருந்தேன். போன மழைக்கு இங்கே எங்கள் குளியலறையில் அதே மாதிரி ஒன்று வந்தது. நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று துடைப்பத்தைக் கொண்டுவா என்று கத்தினேன். வெண்பா வாசலிலேயே நின்று, கிட்டப் போகாமல், குனிந்து பார்த்தாள். பள்ளிச் சுற்றாடல் கழகத்தில், அதாவது சுற்றுச்சூழல் மன்றத்தில், இதையெல்லாம் படிக்கிறார்கள்.

"அம்மா, பட்டை எங்க தொடங்குதெண்டு பாருங்கோ. கழுத்திலயே தொடங்கி வாலடியில மங்கிப்போகுது. இது நஞ்சில்லாதது. கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் வெறுமையா இருக்கும், வால் பக்கம்தான் கோடு வடிவாத் தெரியும்."

"நிச்சயமாவா?"

"தெரியாட்டி நான் இவ்வளவு தூரத்தில நிப்பனா? இன்னும் தூரத்தில நிப்பன். எதெண்டாலும் தொடக் கூடாது. கதவைத் திறந்து விடுங்கோ, தானாப் போகும்."

போயிற்று. அதற்குத் தமிழ்நாட்டில் வெள்ளிக்கோல் வரையன் என்று பெயர் இருப்பதைப் பிறகு தேடிக் கண்டுபிடித்தேன். எவ்வளவு நல்ல பெயர். அன்று முழுக்கச் சாத்தூர்க் குளியலறைப் பாம்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலிக் கம்பியில் அது தலைகீழாகத் தொங்கியது. பட்டைகள் கழுத்திலிருந்து தொடங்கியிருந்தன. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வெட்கத்தில்தான் மகளிடம் பாடம் கேட்க ஆரம்பித்தேன். பின்வளவுப் பாம்பை முதன்முதலாக ஓடாமல் நின்று பார்த்தேன். பட்டப்பகலில் கிணற்றுக் கட்டின்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆளைவிட நீளம். பெரிய வட்டக் கண். கழுத்தைவிடத் தலை கொஞ்சம் அகலம். உதட்டோரம் பேனாவால் கோடு போட்ட மாதிரி கறுப்பு வரிகள். உடம்பின் பின்பாதியில் கறுப்பு வலைப்பின்னல். என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒரே ஓட்டம்.

"சாரை" என்றாள் வெண்பா. "எலி பிடிக்க வந்திருக்கு. எட்டு வருசமும் இதுவோ, முந்தினதின்ர குட்டியோ, தெரியாது. ஆனா அன்ரிக்குச் சொல்ல வேண்டாம்."

"ஏன்? விஷமில்லைன்னு தெரிஞ்சா நிம்மதியா இருப்பாங்களே."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நாகமெண்டபடியாத்தான் ஒருத்தரும் கை வைக்கேல்ல. சாரை எண்டு தெரிஞ்சா அடிச்சுப் போடுவினம். சத்தியம் பண்ணுங்கோ."

சத்தியம் செய்தேன். இங்கே நாகத்தை எந்த இனத்தவரும் லேசில் கொல்லமாட்டார்கள். செத்துப்போன சொந்தக்காரர் என்பவர்களும் உண்டு, தெய்வம் என்பவர்களும் உண்டு. சாரைக்கு அப்படிப் பரிந்து பேச ஆளில்லை.

4

ஒவ்வொரு வருடமும் இதே வாரத்தில் விசா நீட்டிப்புக்குக் காகிதம் சேர்ப்பது எங்கள் வீட்டுத் திருவிழா. கம்பெனிக் கடிதம், பள்ளிக் கடிதம், புகைப்படம், எல்லாவற்றிலும் மூன்று பிரதி. இந்த விலாசத்தில்தான் குடியிருக்கிறோம் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும். நேற்று முன்தினம் அதற்காக மேலே போனேன்.

ஆன்ட்டி தேத்தண்ணி கொடுத்தார். கடிதத்தைக் கையால்தான் எழுதுவார், அழகான எழுத்து. பாதி எழுதும்போது பேச்சு பாம்புப் பக்கம் போயிற்று.

"உங்கடை ஊரிலை பாம்பைக் கண்டாத் தடியெடுப்பினம் எண்டு நீர்தானே சொன்னனீர். இஞ்சை பாரும், எட்டு வருசமா ஒரு நாகம் எங்களோடை இருக்குது. ஒருநாள் படமெடுத்துச் சீறினதில்லை. ஏன் சொல்லும்? மரியாதை தெரிஞ்சது. உங்கடை சனத்துக்கு அது விளங்காது."

கடைசி வாக்கியம்தான் என்னைக் குத்தியது. உங்கள் சனம். மற்றது எல்லாவற்றையும் விட்டிருப்பேன்.

"அது படமே எடுக்காது ஆன்ட்டி. நாகமில்ல. சாரை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உதட்டு வரிகளைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன், வலைப்பின்னலைச் சொன்னேன். போனில் எடுத்த படத்தையும் காட்டினேன். கணக்கு டீச்சர், ஆதாரத்தைப் பார்த்தால் புரிந்துகொள்பவர். புரிந்துகொண்டார். முகம் அப்படியே வற்றிப்போனது. அந்தக் கிண்ணத்தில் அவர் இத்தனை நாள் யாருக்காகப் பால் ஊற்றினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாம்புக்கு ஊற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன், மடச்சி. மகன் அங்கே நன்றாக இருக்கிறான் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பாம்பு.

"எலி தின்னுற சாரைக்கோ நான் எட்டு வருசமாப் பால் வைச்சனான்?" என்று மெல்லக் கேட்டார். பேனாவை மூடினார். "கடிதம் பிறகு தாறன். பாஸுக்குச் சொல்லி அந்த ஓடுகளை அள்ளவேணும். சாரையையும் ஒரு வழி பண்ணட்டும்."

பாஸ் என்றால் இங்கே கொத்தனார், தச்சர் எல்லாரும்தான். தெமட்டகொடையிலிருந்து வருகிறவர். என் காது கேட்கவே ஆன்ட்டி அவருக்குப் போன் போட்டுச் சிங்களத்தில் சொன்னார். அதில் 'கெரண்டியா' என்ற ஒரு சொல் எனக்குப் புரிந்தது. சாரை.

கீழே வந்து வெண்பாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "சத்தியம் பண்ணினீங்கள்தானே" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

இந்த இரண்டு நாளில் என்னென்னவோ செய்து பார்த்தேன். மேலே போய் மன்னிப்புக் கேட்டேன். ஆன்ட்டி தொலைக்காட்சியைப் பார்த்தபடி "அதிலை என்ன, நீர் உள்ளதைத்தானே சொன்னீர்" என்றார். பாம்பு பிடிக்கிற ஒருவரின் நம்பரை மகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்து அழைத்தேன். அவர் நல்ல மனிதர். சாரையென்றால் எதற்குப் பிடிக்க வேண்டும், விட்டுவிடுங்கள் என்றார். விடமாட்டார்கள் என்றேன். அப்படியென்றால் இன்று மாலை நுகேகொடையிலிருந்து வருகிறேன் என்றார். மாலை. பாஸ் வருவது காலை பத்துக்கு.

பாம்பே போய்விடட்டும் என்று ஓட்டுக் குவியலைத் துடைப்பக் கட்டையால் தட்டினேன். அது இன்னும் உள்ளே போய்ப் பதுங்கியிருக்கும். அதற்கு நான் யார்? தட்டுகிற எல்லோரும் அதற்கு ஒன்றுதான்.

மணி ஒன்பதே முக்கால். சாத்தூரில் கைதட்டிய கைதான் இதை எழுதுகிறது. ஆன்ட்டி மேலே பின்பக்கத்து விறாந்தையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிறது. பார்க்க உட்கார்கிறார் போலிருக்கிறது.

கேட் திறக்கிறது.

6

இப்போது மணி ஒன்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாஸும் இன்னொருவரும் வந்தார்கள். பாஸுக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டையைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் மடித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். ஓடுகளை நாலு நாலாக எடுத்து இந்தப் பக்கம் அடுக்கினார்கள். ஒவ்வொரு வரிசை குறையும்போதும் மிச்சத்தை எண்ணினேன். நான் பின்கதவுப் படியில் நின்றேன். உள்ளே போய்விடலாம் என்றும் இருந்தது. போனால் இரண்டு மணிக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசி இரண்டு வரிசையில் அது இருந்தது. ஓடுவதற்கு வழியில்லை; ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் கிணறு, முன்னால் மனிதர்கள். சாரை மூலையில் மாட்டிக்கொண்டால் கழுத்தை ஊதிக்கொள்ளும், அடித்தொண்டையில் உறுமும் என்று வெண்பா சொல்லியிருக்கிறாள். அப்படியே செய்தது. தலையைத் தூக்கி, கழுத்தை உப்பவைத்து, நாய்க்குட்டி மாதிரி ஓர் உறுமல். பாஸ் ஒரு அடி பின்னால் போய் அலவாங்கை இரண்டு கையாலும் தூக்கினார்.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. வெறுங்காலோடு ஓட்டுத் துண்டுகள் மேல் நின்றேன், அவருக்கும் பாம்புக்கும் நடுவில்.

"நயெக். மரன்ன எப்பா."

நாகம், கொல்லாதீர்கள். பதினொரு வருடத்தில் மரக்கறி விலையைத் தாண்டி நான் பேசிய முதல் சிங்களம். அதுவும் பொய்.

பாஸின் கை அந்தரத்தில் நின்றது. நோனா, அதாவது வீட்டம்மா, சாரை என்றல்லவா சொன்னார் என்று சிங்களத்தில் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை, இல்லை என்று. அப்போது அவர் பார்வை கிணற்றுக் கட்டுக்குப் போனது. தன் சட்டைக்குப் பக்கத்தில் வெண்கலக் கிண்ணம். காய்ந்த பால் ஆடை. எட்டு வருடக் குங்குமக் கறை. வாடிய செவ்வரத்தம்பூ. அலவாங்கு கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். அவர் தலையை நிமிர்த்தி மேல்மாடியைப் பார்த்தார்.

"நோனா, மே நயெக்த?"

இது நாகமா என்று கேட்கிறார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். சிவமலர் ஆன்ட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி போட்டிருந்தார். அவ்வளவு கிட்டத்தில், அந்த வெளிச்சத்தில், பின்பாதியின் வலைப்பின்னல் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணக்கு டீச்சர். தப்பான விடைக்கு வாழ்நாளில் சரி போட்டிருக்கமாட்டார்.

அவர் பாம்பைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். அதில் இரத்தம் வந்துகொண்டிருந்தது, எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஓவ்" என்றார். "நயெக் தமய்."

ஆமாம், நாகம்தான்.

பாஸ் அலவாங்கைத் தரையில் படுக்கவைத்தார். கைகளை ஒருமுறை கூப்பினார். பிறகு இரண்டு பேரும் தள்ளி நின்று பாம்புக்கு வழிவிட்டார்கள். அது கால்வாய்ப் பக்கத்து மதில் ஓட்டைக்குள் ஓடி மறைந்தது. எடுத்த ஓடுகளையெல்லாம் பாஸ் திரும்ப அதே இடத்தில் அடுக்கினார். எடுத்ததைவிட மெதுவாக, சத்தம் வராமல் அடுக்கினார்.

7

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆன்ட்டி கீழே வந்தார். ஒரு கையில் கடிதம், மறு கையில் பஞ்சும் மருந்தும். என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கட்டுப் போட்டார். நான் தடுத்தேன், கேட்கவில்லை.

"பாலைப் பூனை குடிக்கிறது எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீர்?" என்றார் தலை நிமிராமல். "மேலையிருந்து வடிவாத் தெரியும். அது நாகமில்லை எண்டும் ஒரு பக்கத்தாலை தெரியும், பிள்ளை. ஆரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்குமட்டும் எனக்கு அது போதும்."

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி."

"அவன் வெள்ளிக்கிழமையிலைதான் போன் எடுக்கிறவன். இந்த வெள்ளி எடுக்கேல்லை எண்டா நான் என்னெண்டு நினைக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது. வேன் சத்தம் கேட்டது. வெண்பா புத்தகப் பையோடு நேரே பின்வளவுக்கு ஓடினாள். ஓட்டுக் குவியல் இருந்தபடி இருப்பதைப் பார்த்தாள். சமையலறை வாசலுக்கு வந்து, எங்கள் இருவரையும், என் காலையும் பார்த்தாள். காத்துக்கொண்டு நின்றாள்.

ஆன்ட்டி கட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தார். மாடிப்படி வரை போய்த் திரும்பினார்.

"பிள்ளை, ஒருக்காச் சொல்லும். அது என்ன பாம்பு?"

வெண்பா இருக்கிறாள். அவள் சொல்லிக்கொடுத்த உதட்டு வரி, வட்டக் கண், வலைப்பின்னல் எல்லாம் எனக்கு மனப்பாடம். என் வேலையே பிழை திருத்துவது.

"நாகம் ஆன்ட்டி."

"ஓம்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போனார். கொஞ்ச நேரத்தில் வெண்கலக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

வெண்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். பிறகு இரண்டு நாளுக்கு அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, பசிக்குது" என்றாள்.